கீழ்வாசல் வழியாகப் போனவள்

மாலை நாலேகால் மணிக்குச் செய்தி வந்தது. பெங் யோலின் அடுப்படியில் நின்று இஞ்சித் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். போன் திரையில் மனைவி ஷிரோங்கின் பெயர். எடுத்த எடுப்பிலேயே, "இன்னிக்கும் லேட்டுன்னு சொல்லத்தானே கூப்பிட்ட?" என்றார்.

பதில் வேறு ஒரு பெண்ணின் குரலில் வந்தது.

"கைடு அம்மாவோட வீட்டுக்காரருங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நாங்க அவங்க கூட்டிட்டுப் போற குரூப்புங்க. ரோப் கார் வரிசையில நின்னுட்டிருந்தோம். திடீர்னு படியிலயே சரிஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருச்சாம். போயிட்டாங்கண்ணே."

கத்தி யோலினின் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆண், "கேளு, அதைக் கேளு" என்று முணுமுணுத்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி படகு டிக்கெட் எல்லாம் இந்த போனுக்குள்ளதான் இருக்கு. அவசர நம்பருன்னு உங்க பேரு போட்டிருந்ததால பூட்டைத் திறக்காமலே உங்களைக் கூப்பிட முடிஞ்சுது. திறக்கற நம்பரைச் சொன்னீங்கன்னா... குழந்தைங்க ரொம்ப ஆசையா இருக்குதுங்க."

அவர் சொன்னார். மகளின் பிறந்தநாள்தான் அந்த எண். பஸ்ஸில் வழி கேட்பவருக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு இலக்கமாக நிதானமாகச் சொன்னார். அந்தப் பெண் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். போனை வைத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. அழுகிய கடலையைக் கடித்ததுபோல வாய் கசந்தது. தொட்டியில் துப்பினார். கசப்பு போகவில்லை.

அக்டோபர் தேசிய தின விடுமுறையின் இரண்டாம் நாள் அது, சோங்சிங் நகரம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டை விட்டு வெளியே வந்தால், முற்றத்தில் எள் போட்டால் எள் விழாது. மிளகாயும் மாட்டுக் கொழுப்பும் கலந்த ஹாட்பாட் குழம்பின் நாற்றம், வியர்வை, யாரோ குழந்தையைச் சுவரோரம் ஒன்றுக்கு உட்கார வைத்த ஈரம். தோளால் இடித்துக்கொண்டு நடந்த அவரை ஓர் இளம்பெண் மறித்தாள்.

"தாத்தா, ஒரே ஒரு போட்டோ. ஆறு பின்னாடி தெரியணும்."

அவள் நீட்டிய போனை அவர் வெறித்துப் பார்த்தார். பிறகு அவள் செருப்புக்குப் பக்கத்தில் துப்பிவிட்டு நடந்தார். "சோங்சிங்காரனுங்களே இப்படித்தான்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

*

அவர்கள் குடியிருந்த கட்டடம் மலைச்சரிவில் முதுகைச் சாய்த்து நிற்பது. லிஃப்ட் கிடையாது. ஆனால் தரை இரண்டு உண்டு. ஆற்றோரச் சாலையிலிருந்து நுழைந்தால் முதல் மாடி, அது கீழ்வாசல். மலைமேல் தெருவிலிருந்து நுழைந்தால் பதினொன்றாம் மாடி. அது மேல்வாசல், அதன் முன்னால்தான் முற்றம். கல்யாணப் பெண் மேல்வாசல் வழியாக வருவாள். பிணமும் மேல்வாசல் வழியாகத்தான் போகும். அதற்கு முன் முற்றத்தில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் மாஜோங் மேசை போட்டு, செத்தவர் தனியாக இருக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் கட்டையைத் தட்டி ஆடிக்கொண்டிருப்பார்கள். பாட்டுக்காரி வந்து பாடுவாள். மூன்றாம் நாள் எடுப்பார்கள். கீழ்வாசல் குப்பைக்கு. மேலேயிருக்கும் ஹாட்பாட் கடைகளின் கழிவெண்ணெய்ப் பீப்பாய்களும் அங்கேதான் நிற்கும்.

ஷிரோங் இந்தக் கட்டடத்திலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவள் குடைத் தொழிற்சாலையில் துணி தைத்தாள். தொழிற்சாலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது அவளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. மற்றவர்கள் அழுதார்கள். அவள் மீந்துபோன குடைத்துணியில் ஒரு சிவப்பு முக்கோணம் வெட்டி மூங்கில் குச்சியில் கட்டி, படகில் வந்து இறங்கும் ஊர்சுற்றிகள் முன்னால் போய் நின்றாள். அன்றிலிருந்து கைடு. தொண்டை எப்போதும் கம்மியே இருக்கும். பையில் இருமல் மிட்டாயும், கொப்புளத்துக்கு வைக்கப் பஞ்சும் கிடக்கும்.

ஒரு நாள் கூட்டத்திலிருந்த யாரோ, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்க, சும்மா இருக்காமல் முற்றத்துக்கே கூட்டி வந்து காட்டிவிட்டாள். பதினொன்றாம் மாடியில் தரை! முற்றத்தின் விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே யாங்சி ஆறு! அவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த வருஷம் கைப்பிடிக் கம்பி வந்தது, எண் போட்ட படமெடுக்கும் இடங்கள் வந்தன, தலையில் மாட்டும் பூனைக்காது விற்கிற கடை வந்தது. யோலின் காலையில் பல் துலக்கினால் சன்னல் வழியே எதிர்ப் படிக்கட்டிலிருந்து ஐம்பது பேர் கையசைத்தார்கள்.

"நான் என்ன கூண்டுக் குரங்கா?" என்று ஒரு தடவை வாய் நுரையோடு கத்தினார்.

"குரங்கைப் பாக்க டிக்கெட் உண்டு, கிழவா. உன்னை ஓசியிலதான் காட்டறேன்" என்றாள் ஷிரோங். "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? பஸ் ஓட்டினப்பவும் இதே மூஞ்சிதான். அந்தப் பயணிங்க என்ன பாவம் பண்ணினாங்களோ."

அவளுக்கும் இந்த ஊர்சுற்றிகளைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவாள். "இங்க மழை பெய்யுமா, கைடு? இந்த ஆறு நிஜமா?" ஆனால் காலையில் கொடியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் வாங்கி வந்த சம்பளத்தில்தான் மகள் சின்யி படித்தாள். யோலினுக்கு இது தெரியும். தெரிந்ததனாலேயே வெறுப்பு இரண்டு மடங்காயிற்று.

*

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மேல்வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி குடியிருப்போர் அலுவலகத்துப் பெண் நிங். இருபத்தைந்து வயது, கையில் எப்போதும் வாக்கி டாக்கி. இன்னொருத்தி ஆறாம் மாடி தைஃபென்.

"பெங் மாமா, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் நிங். "ஷிரோங் அத்தை எனக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க. ஆனா பந்தலை முற்றத்துல போட முடியாது மாமா. லீவு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் வர்றாங்க. கீழ்வாசல்ல போட்டுக்குங்க. நானே வந்து குப்பைத் தொட்டியை ஓரமா தள்ளச் சொல்றேன்."

"குப்பைத் தொட்டியை ஓரமா தள்ளி, அந்த இடத்துல என் பொண்டாட்டிய வைக்கணும். அப்படித்தானே?"

"மாமா..."

"அவ இங்கயே பிறந்தவ. மேல்வாசல் வழியாத்தான் போவா. நீ உன் வாக்கி டாக்கியில யார்கிட்ட வேணா சொல்லிக்கோ."

அதுவரை சும்மா நின்ற தைஃபென் சிரித்தாள். அவள் சிரிப்பில் சத்தமே இருக்காது, மூக்கு மட்டும்தான் சுருங்கும்.

"ஏன் பெங், கீழ்வாசல்ல என்ன குறை? எங்க வீட்டு மனுஷன் அது வழியாத்தானே போனாரு?"

நிங்குக்கு விஷயம் தெரியாது. அப்போது அவள் வேலைக்கு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், புத்தாண்டு விடுமுறையில் தைஃபெனின் கணவர் மோ செத்தார். ஷிரோங் அன்றைக்கு நான்கு பஸ் கூட்டத்தை முற்றத்துக்குக் கூட்டிவர ஒப்புக்கொண்டிருந்தாள். தைஃபெனிடம் போய், "அக்கா, வருஷப் பிறப்புல ஊர் சுத்த வர்றவங்க. பிணத்தைப் பாத்தா அபசகுனம்னு சண்டை போடுவாங்க. கீழ போட்டுக்கலாமே, நான் எல்லா உதவியும் பண்றேன்" என்று கெஞ்சினாள். அழுதுகொண்டிருந்த தைஃபென் தலையாட்டிவிட்டாள். அந்தக் கட்டடத்தில் கழிவெண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே மூன்று நாள் கிடந்த முதல் பிணம் மோதான். அதற்குப் பிறகு தைஃபென் ஷிரோங்கோடு ஒரு வருஷம் பேசவில்லை.

"அக்கா, அவ பண்ணினது தப்புதான்" என்றார் யோலின். "அதுக்காக அவளையும் அங்கயே வைக்கணுமா?"

"நான் வைக்கச் சொல்லலியே. எந்த வாசல்னு நீயே முடிவு பண்ணு. பாத்துட்டிருக்கறதுதான் எங்க வேலை." தைஃபென் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவர் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்: ஷிரோங் மேல்வாசல் வழியாகப் போக வேண்டும். வேறு எதையும் இனி அவளுக்குச் செய்ய முடியாது.

சின்யி தொலைவிலிருந்த ஷென்சென் நகரத்திலிருந்து போனில் அழுதாள். "அப்பா, ஒரு ரயில்லயும் இடம் இல்லப்பா. பிளேன்லயும் இல்ல. எல்லாம் சோங்சிங் வர்ற டூரிஸ்டு. நின்னுட்டே வர்றதுக்குக்கூட நாளைக்கு ராத்திரிதான் கிடைக்கும் போல."

"நின்னுட்டே வா" என்றார். வேறென்ன சொல்ல.

*

மறுநாள் விடியற்காலையில், தெருத் தடுப்புகள் வைப்பதற்கு முன்னால், சாவுக் காரியம் செய்யும் வழுக்கை ஹூ ஷிரோங்கை ஏற்றிய வண்டியோடு வந்து சேர்ந்தான். யோலினோடு பஸ் ஓட்டிய பழைய தோழர்கள் நான்கு பேரும் வந்தார்கள். ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் நீலக் கோடு போட்ட பந்தல் முற்றத்தில் நின்றுவிட்டது. நடுவே ஐஸ் பெட்டி. அதன் தலைமாட்டில் ஷிரோங்கின் படம். கைடு அட்டைக்காக எடுத்தது, வேறு நல்ல படம் அகப்படவில்லை. எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி, காகிதப் பணம் எரிக்க இரும்புச் சட்டி, மலர்வளையங்கள், ஓரமாக மாஜோங் மேசைகள்.

ஒன்பது மணிக்கு நிங் இரண்டு காவலாளிகளோடு வந்தாள். "மாமா, நான் சொன்னேன்ல? ஏன் மாமா என் வேலைக்கு உலை வைக்கறீங்க?"

"பிரி. நீயே வந்து பிரி. பெட்டியை எங்க தூக்கிப் போடறேன்னு பாக்கறேன்."

காவலாளிகளில் ஒருவன் பந்தல் கயிற்றில் கை வைத்தான். பழைய டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் கை கலக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் சுற்றிலும் போன்கள் உயர்ந்துவிட்டன. விடுமுறைக் கூட்டம் வளையம் கட்டிவிட்டது. நடுவே ஒருவன் குச்சியில் போனை மாட்டிக்கொண்டு லைவ் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் மாவு பூசியதுபோல் வெள்ளை.

"என் சேனல் குடும்பத்தாரே, பாருங்க, பாருங்க! இது செட்டு இல்ல. நிஜமான மலைநகரச் சாவு. பதினொன்னாம் மாடித் தரையில பந்தல்! மாஜோங் மேசைகூட இருக்கு! லைக்கு போடுங்க, பெட்டிக்குப் பக்கத்துல போறேன்!"

நிங்கின் போன் அடித்தது. அவள் திரும்பி நின்று பேசினாள். "ஆமா சார்... இல்ல சார், நிஜப் பிணம்தான் சார்... ஓ... ஓ, சரிங்க சார்." திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

"மாமா, பந்தல் இருக்கட்டுமாம். லைவ்ல நிறைய பேர் பாக்கறாங்களாம், மேலயிருந்து சொல்லிட்டாங்க."

யோலின் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டார். ஷிரோங் மேல்வாசலில் இருந்தாள். அந்த நிம்மதி ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் இருந்தது.

*

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எந்நாளும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் ஒரு குடும்பம் வந்து மாஜோங் மேசையில் உட்கார்ந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். "ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?" என்று வழுக்கை ஹூவிடம் கேட்டார்கள். இது துக்க வீடு என்று அவன் சொன்னதும், "தெரியும், தெரியும், அதான் அனுபவம்" என்றார் அப்பா, கட்டைகளைக் கலைத்தபடி. வாடகைக்கு எடுத்த பழங்கால உடையில் ஒரு பெண் வந்து, மலர்வளையத்தின் வெள்ளைப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திச் சோகமாகப் படம் எடுத்துக்கொண்டாள். சரியாக வரவில்லையென்று இரண்டாவது முறையும் சோகப்பட்டாள். பந்தலுக்கு வந்தவர்களுக்கு ஊற்றிய சோயா டோஃபுக் கஞ்சிக்கு ஒரு வரிசையே உருவாகிவிட்டது. காரம் போதவில்லை என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். குடித்துப்போட்ட பால் டீக் குவளைகள் இரும்புச் சட்டியின் சாம்பலில் செருகிக் கிடந்தன. உறிஞ்சுகுழல் உருகி நாறியது.

"எள்ளுருண்டை எங்க குடுக்கறாங்கன்னு கேக்காததுதான் பாக்கி" என்று முணுமுணுத்தார் பழைய டிரைவர் ஒருவர்.

மத்தியானம் ஒரு நடுவயது ஆள் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு லைட்டரைத் தேடினான். கிடைக்கவில்லை. குனிந்து, ஷிரோங்கின் தலைமாட்டு விளக்கில் பற்றவைத்துக்கொண்டான்.

யோலின் எழுந்தார். அவன் சட்டையைப் பிடித்தார். பஸ் ஸ்டீயரிங் பிடித்த கை, இன்னும் பலம் இருந்தது. "அது அடுப்பாடா? அது அடுப்பாடா, நாயே?"

"என்ன பெருசு, விளக்கு அணையலியே! அப்புறம் என்ன?" என்றான் அவன், உண்மையாகவே புரியாமல். சுற்றிலும் போன்கள் இன்னும் நெருங்கி வந்தன. "கோபப்படறாரு, கோபப்படறாரு, எடு!" யோலின் கையை விட்டார். அவனைத் தொட்ட விரல்களைக் கால்சட்டையில் துடைத்தார். துடைக்கத் துடைக்க அந்தப் பிசுக்குப் போகவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்கள் எரிகிற வீட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அவருக்கு இன்னும் அருவருப்பானது வேறொன்று. இந்தக் கூட்டத்தை இப்படி வந்து நிற்கப் பழக்கியவள் பெட்டிக்குள் கிடந்தாள். தலைமாட்டுப் படத்தில் மட்டும் கொடியோடு, வேலை நேரத்துச் சிரிப்போடு இருந்தாள்.

மாலையில் நிங் ஓர் அட்டைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'மலைநகர மரபு அனுபவம். படமெடுக்கும் இடம் 7.'

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஓரமாத்தான் வைப்பேன். இன்னொன்னு. அந்த லைவ் பையன், நாளைக்குப் பத்து மணிக்குப் பெட்டி எடுக்கறாங்க, மேல்வாசல்லயிருந்து ஊர்வலம்னு அறிவிச்சுட்டான். நிறைய பேர் வருவாங்க. கொஞ்சம் மெதுவாப் போனீங்கன்னா நல்லாயிருக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம், நீங்க எடுத்துட்டுப் போனாலும் பந்தலும் காலிப் பெட்டியும் லீவு முடியற வரைக்கும் இருக்கட்டும்னு கேக்கச் சொன்னாங்க. ஹூ அண்ணன்கிட்ட பேசிட்டேன். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

யோலின் ஹூவைப் பார்த்தார். ஹூ வழுக்கையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நீ சொல்லல பாப்பா" என்றார் யோலின் கடைசியில். "சொல்ல வச்சது யாருன்னு தெரியும். போ. போய்ச் சாப்பிடு."

நிங்கின் கண் கலங்கியிருந்தது. பலகையை மட்டும் எடுத்துப் போகவில்லை.

*

இருட்டுவதற்குள் அவர் கீழே இறங்கினார். எதற்கென்று தெரியாது, அந்த முற்றத்தில் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். பத்து மாடி இறங்கிக் கீழ்வாசலுக்கு வந்தார். அங்கே ஒரு சுற்றுலாக்காரனும் இல்லை. கழிவெண்ணெய் நாற்றம் மட்டும். தைஃபென் படியில் உட்கார்ந்து துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். படி கழுவி ஈரமாக இருந்தது.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. மேல்பாதி பழைய கறுப்புப் பாசி.

யோலினுக்கு அந்தச் சுவர் புதிதில்லை. கோடை முடிந்ததிலிருந்து ஷிரோங் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பெயிண்ட் டப்பாவோடு இங்கே இறங்கிவிடுவாள். விடுமுறைக்கு முந்தின வாரம், "கிழவா, மேல எட்டல. ஏணியைப் பிடிச்சுக்கோயேன்" என்று கூப்பிட்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேல இருக்கறதை நாறடிச்சாச்சு, இப்ப கீழயும் ஒரு போட்டோ இடமா? குப்பைத் தொட்டிக்கும் எண் போடப்போறியா?" என்று கேட்டார். அவள் மூக்கில் ஒட்டிய பெயிண்டைச் சொறிந்துகொண்டு, "லீவு முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன, சுவத்தையே பாக்கற?" என்றாள் தைஃபென்.

"இங்கயும் கூட்டத்தைக் கூட்டிட்டு வரத்தான் அடிச்சா."

தைஃபென் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு மூளை பஸ் டிப்போவுலயே விட்டுப்போச்சு. அவ உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"எங்க வீட்டு மனுஷனுக்காக அடிச்சா. கோடையில ஒரு நாள் கதவைத் தட்டி, 'அக்கா, மோ அண்ணன் போன வாசல் இப்படி நாறுதே, எனக்குத் தூக்கம் வரல. வெள்ளையடிச்சு விளக்குப் போடறேன். அண்ணனோட நினைவு நாளுக்குள்ள முடிச்சுடறேன்'னா. நான் கதவைச் சாத்தலாம்னுதான் பாத்தேன். அப்புறம் பாத்தா அவ கால் வீங்கியிருந்துது. நாள் பூரா அந்த நாய்ங்க கூட நடந்துட்டு வந்து நிக்கறா. என்ன பண்றது? 'என்ன கலர் வேணும்'னு கேட்டா. 'குப்பைமேட்டுக்கு என்னடி கலரு'ன்னேன். 'அப்ப வெள்ளை'ன்னா."

மேலேயிருந்து பாட்டுக்காரியின் ஒலிபெருக்கியும் கூட்டத்தின் கைதட்டலும் கேட்டன. யாரோ இன்னொரு பாட்டு கேட்டார்கள்.

"கை தட்டறானுங்க அக்கா" என்றார். "பிணத்துக்கு முன்னால கை தட்டறானுங்க."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அவ மேல்வாசல் வழியாப் போகணும்னு நேத்து உன்கிட்ட சண்டை போட்டேன்."

"நீ எங்க சண்டை போட்ட? நான்தான் போட்டேன்."

"நாளைக்கு அந்த வாசல்ல அவளைத் தூக்கிட்டு வந்தா, பத்து மணிக் காட்சி மாதிரி நிப்பானுங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மோ அண்ணன் போன வழியில அவ போனா, உனக்கு ஆட்சேபம் உண்டா?"

தைஃபெனின் மூக்கு சுருங்கியது. இந்தத் தடவை அது சிரிப்பில்லை. "படியை எதுக்குக் கழுவினேன்னு நினைக்கற? வழுக்கி விழுந்துடாதீங்க. காலைல இன்னொரு தடவை துடைச்சு வைக்கறேன்."

*

மூன்றாம் நாள் காலையில் சின்யி வந்து சேர்ந்தாள். ராத்திரி முழுக்க ரயில் கக்கூஸ் பக்கத்தில் நின்று வந்த கால்கள். மேல்தெருவிலிருந்து முற்றத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். "எங்கம்மா உள்ள இருக்காங்கன்னு சொன்னேன்பா. 'எல்லாருக்கும் அதே அவசரம்தான்'னு சொன்னாங்க." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வாந்தி வந்தது. மேல்வாசல் ஓரத்தில் குனிந்து எடுத்தாள். யோலின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முந்தின நாள் காலிப் பெட்டிக்குச் சம்மதித்ததற்கு ஹூ ஈடு செய்தான். காலையிலேயே பந்தலைச் சுற்றி மேல்வாசல் வரைக்கும் துணியை இறக்கிக் கட்டினான். சாங்கியம் நடக்கிறது, வெளியாட்கள் பார்க்கக் கூடாது என்று அதட்டினான். கூட்டம் அதற்குக் கட்டுப்பட்டது. மறைத்து வைத்ததைப் பார்க்கக் காத்திருப்பதில் அவர்களுக்கு ஒரு சுவை. பாட்டுக்காரியிடம் ஹூ சொன்னான்: "பத்து மணி வரைக்கும் நிறுத்தாத. உரக்கப் பாடு. உனக்குத் தெரிஞ்ச சினிமாப் பாட்டெல்லாம் பாடு."

துணிக்குப் பின்னால் ஷிரோங்கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் போர்த்தினார்கள். பெட்டியை மூடி, மேலே பட்டுத்துணியை விரித்தார்கள். படத்தைச் சின்யி எடுத்துக்கொண்டாள். தெருவுக்குப் போவதற்குப் பதிலாக, மேல்வாசலுக்குள் நுழைந்து அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

படிக்கட்டு குறுகல். திருப்பங்களில் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. "எடத்தே, எடத்தே... ஒடிச்சு ஒடிச்சு... பின்னால கொஞ்சம் தூக்கு!" என்று பழைய டிரைவர்கள் குறுகிய சந்தில் பஸ் திருப்புவதுபோல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன. எல்லோரும் எழுந்து வாசலில் நின்றார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. ஆறாம் மாடியில் தைஃபென் விளக்கோடு முன்னால் சேர்ந்துகொண்டாள். காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே இறங்கினாள்.

மேலே பாட்டு நிற்கவில்லை. பத்து மணிக்குக் காலிப் பெட்டியைச் சுற்றித் துணி விலகும். அப்போதும் அவர்கள் படம் எடுப்பார்கள் என்பது யோலினுக்குத் தெரியும். இடம் 7. எடுத்துக்கொள்ளட்டும். அதற்குள் இருப்பது அவர்களுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

கீழ்வாசலில் நிங் நின்றிருந்தாள். வாக்கி டாக்கி கையில் இல்லை. யாரும் சொல்லவில்லை, தானாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள். பீப்பாய்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டிருந்தாள். சட்டை முன்பக்கம் முழுக்க எண்ணெய். "அத்தை" என்று மட்டும் சொல்லித் தலை குனிந்தாள். மேலிடத்துக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யோலின் அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

வண்டி ஆற்றோரச் சாலையில் நின்றது. ஏற்றும்போது சின்யி சுவரைப் பார்த்தாள். "அப்பா, இது யார் அடிச்சது?"

"உங்கம்மா."

"ஏன் பாதியோட விட்டுட்டாங்க?"

"எட்டல" என்றார் யோலின்.

புத்தாண்டும் மோவின் நினைவு நாளும் வந்து போயிற்று. படிக்கட்டுக்கு அடியில் டப்பா இருக்கிறது, பெயிண்ட் மேலாக ஆடை கட்டியிருக்கிறது, தூரிகை அதற்குள்ளேயே நட்டபடி உறைந்துவிட்டது. ஏணி அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தி நிற்கிறது. சுவரின் மேல்பாதி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.